ஏழாம் எண் கல்

கல்லைக் கையில் எடுத்ததும் முதலில் நாக்கால் ஒரு தொடு தொடுகிறார். ஈரம் பட்டால்தான் கல் தன் நிறத்தைக் காட்டுமாம். முன் வரிசைப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்; அவர் கண்டுகொள்வதில்லை. உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகப் பாறையும் மண்ணும் நடத்துகிறவர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி கல்லு டீச்சர். "கண்ட கல்லையும் ருசி பாக்குற நாக்கு, சாப்பாட்டுல உப்பு இல்லாதது மட்டும் அதுக்குத் தெரியமாட்டேங்குது" என்பது வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார்.

கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஓர் ஆணி, கண்ணாடித் துண்டு, நீர்த்த அமிலம் வைத்த சொட்டுப்புட்டி மூன்றும் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தரையைத்தான் பார்ப்பார். பாறை தேய்வதைச் சொல்ல, நடுவில் குழிந்துபோன பள்ளிப் படிக்கட்டுக்கு வகுப்பையே இழுத்துப்போவார். "யாரு உடைச்சா? யாரும் உடைக்கல. மழை, வெயில், உங்க செருப்பு. இன்னும் கொஞ்ச காலம் போனா இதுவும் மண்ணுதான்." மண்ணைப் பிசைந்து திரித்துக் காட்டியதில் நகக்கண் எப்போதும் கறுப்பு. எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: "கண்ணு ஏமாத்தும். கல்லுகிட்டயே கேளு."

ஆய்வகத் தட்டில் பன்னிரண்டு கற்கள். ஏழாவது, கல்யாணமான புதிதில் மலைக்குப் போனபோது அவரே பொறுக்கி வந்த வெள்ளைக் கல். "சலவைக்கல்" என்று தன் கையாலேயே சீட்டு எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறார்; செய்முறைத் தேர்வன்று மட்டும் சீட்டுகளை மறைத்துவிடுவார்.

ஆய்வகத்தில் விடைத்தாள் கொடுத்த அன்று கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். முப்பத்து மூன்று மதிப்பெண். தேர்ச்சிக்கு இரண்டு குறைவு. ஏழாம் கல்லுக்கு அவள் குவார்ட்ஸ் என்று எழுதியிருந்தாள். அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

"இது சலவைக்கல்லும்மா."

"கண்ணாடியைக் கீறுச்சு டீச்சர். சலவைக்கல்லு கீறாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

டீச்சர் கல்லை எடுத்தார். வழக்கம்போல் நாக்கில் வைத்தார். பிறகு அமிலம் ஒரு சொட்டு விட்டார். சலவைக்கல் என்றால் நுரைத்திருக்க வேண்டும். சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ஆசிட் பழசாயிருக்கும் டீச்சர்" என்றார் கதவருகே நின்ற ஆய்வக உதவியாளர். நல்ல மனிதர். மானத்தைக் காப்பாற்ற வழி காட்டுகிறார். டீச்சருக்கும் அந்த வழியில் போய்விட ஆசையாகத்தான் இருந்தது.

அடுத்த சொட்டைப் பக்கத்திலிருந்த சுண்ணாம்புக்கல்மேல் விட்டார். பொங்கியது. ஏழாம் கல்லால் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்தார். கீறும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அவருக்குக் காதெல்லாம் சுட்டது.

"எல்லாத்தையும் சோதிச்சேன். இதை மட்டும் சோதிக்கவே இல்ல."

"ஏன் டீச்சர்?"

"நானே எடுத்துட்டு வந்ததாச்சே. அதான்."

முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "அப்ப சலவைக்கல்லுன்னு எழுதின எங்களுக்கு மார்க் போயிடுமா டீச்சர்?"

"நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே எழுதினீங்க. இருக்கட்டும்."

முப்பத்து மூன்றை அடித்து முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாளைப் பெண்ணிடம் கொடுத்தார். பேனாவை மூடவில்லை. ஏழாம் கல்லை மறுபடி எடுத்து, அதில் தன் கையெழுத்திலிருந்த சீட்டின்மேல், அந்தப் பெண்ணின் தாளில் போட்ட அதே அளவுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டார்.