பியருக்குச் சாட்சி சொன்ன நானா

கண்டக்குழிக் கடற்கரையில் என் வீட்டோடு சேர்த்து சில அறைகள் கட்டி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பைப் பற்றிய புத்தி வந்தது. காலையில் ஓடுவார்கள், பகலெல்லாம் கடலில் கிடப்பார்கள், தட்டில் பாதி இலைகுழையாக இருக்கும். பொழுது சாயும்போது ஆளுக்கொரு பியர். ஒன்றுதான். அதையும் பாணி மருந்து குடிக்கிற பக்குவத்தோடு ஆறுதலாகக் குடிப்பார்கள். வயிறு என்று ஒன்று ஒருவருக்கும் இல்லை. எங்கள் ஊரிலோ பியர் குடிக்கிறவனை வயிற்றை வைத்தே கண்டுபிடிக்கலாம். என்னையும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

பிரஷர் இருக்கிறது, சீனி வருத்தமும் எட்டிப் பார்க்கிறது என்று கிளினிக்கில் சொன்னதும் என் மனைவி பியரை அடியோடு நிறுத்தச் சொன்னாள். நான் வெள்ளைக்காரரைக் காட்டி வாதாடினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரே ஒரு பியர். பக்கத்தில் பொரித்த இறால் கிடையாது, அவித்த கடலையும் வெள்ளரிக்காயும்தான். தினமும் கடற்கரையில் நடக்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் நிறை கூடியிருந்தால் அந்த ஒன்றும் போச்சு.

நடைக்குத் துணை நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே ஊன்றிவிட்ட மனிதர், கருவாட்டு வியாபாரி, அவருக்கும் பிரஷர். பியர் வாடையே அவருக்கு ஆகாது. ஆனால் என் ஒப்பந்தம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். நான் மூச்சு வாங்கி நின்றால், "நடங்க தம்பி, ஞாயித்துக்கிழமைய நெனச்சிக்கிட்டு நடங்க" என்பார்.

அந்த வருடம் எங்கள் கத்தோலிக்கத் தவக்காலமும் அவர்களுடைய ரமழான் நோன்பும் ஒன்றாக வந்தன. தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் குடியைத் தொடமாட்டார்கள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். தவக்காலத்து நாற்பது நாளில் ஞாயிறுகள் சேராது என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது எனக்கு அந்த நிமிடம் பளிச்சென்று ஞாபகம் வந்தது.

"மற்றப் பாடம் எல்லாம் மறந்துபோச்சு, இது மட்டும் எப்படி நிக்குது?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, தடுக்கவில்லை.

நோன்பு பிடித்துக்கொண்டு காலையில் நடந்தால் நானாவுக்குப் பகல் முழுவதும் நாக்கு வறளும் என்பதால் நடையைப் பின்னேரத்துக்கு மாற்றினோம். நடந்து முடியும்போது நோன்பு திறக்கும் நேரமாகிவிடும். அந்த நேரத்தில் வாசலில் நிற்கிற ஆளை அனுப்பிவிட்டு உள்ளே போக நானாவால் முடியுமா? "வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார். முதல் நாள் மரியாதைக்குப் போனேன். இரண்டாம் நாளிலிருந்து வாசலை நானே திறந்துகொண்டு போனேன்.

கஞ்சி என்றால் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற சாப்பாடு, அதிலும் நோன்புக் கஞ்சி என்றால் உடம்போடு சேர்த்து ஆத்துமாவுக்கும் நல்லது என்று நான் மனதார நம்பினேன். அதில் இருக்கிற தேங்காய்ப்பாலையும் இறைச்சியையும் யோசிக்கவே இல்லை. கூடவே பேரீச்சம்பழம், சமோசா, கட்லட். நானாவின் மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன், எனக்கு மூத்த அக்கா மாதிரி. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி சாப்பிடமாட்டோம் என்று தெரிந்து அன்றைக்கு எனக்கென்று இறைச்சி போடாத கஞ்சியைச் சின்னச் சட்டியில் தனியாக ஆக்கிவைப்பார். அப்படி ஆக்கிவைத்ததை மிச்சம் விடலாமா? வழித்துக் குடிப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து இராச்சாப்பாடும் சாப்பிடுவேன். நோன்பு பிடித்தவர் நானா, நோன்பு திறந்தவன் நான்.

நோன்பு பாதி போனபோது கிளினிக் வந்தது. நானாவுக்கும் அன்றுதான். நான், மனைவி, நானா மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் போனோம். நான் தினமும் நடந்த தைரியத்தில் தராசில் ஏறி நின்றேன். முள் நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. டொக்டர் அம்மா பழைய நிறையையும் புது நிறையையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பியர் டொக்டர்," என்றாள் என் மனைவி. "கிழமைக்கு ஒண்டு எண்டு கதைச்சுக் கதைச்சு வாங்கினவர். இண்டையோட சரி."

கஞ்சியின் தேங்காய்ப்பாலும் கட்லட்டும் எனக்கு அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தன. கஞ்சியைச் சொன்னால் ராத்தாவின் கையைக் குற்றம் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அப்போது எனக்குப் பின்னால் வாங்கில் முறைக்குக் காத்திருந்த நானா எழுந்து வந்தார்.

"டொக்டர், நோன்பு வாயால பொய் சொல்லப்படாது. பியர் எங்களுக்கு ஹராம். நான் அதக் கையாலயும் தொட்டதில்ல. ஆனா செய்யாத குத்தத்த அதுட தலையில போடுறது நியாயமில்ல. இந்த நிறை எங்கட வீட்டுக் கஞ்சி."

டொக்டர் அம்மா சிரிப்பை அடக்க என் கிளினிக் அட்டையைக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் எனக்கு நானாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எந்தச் சாட்சியும் எனக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்ததில்லை. திரும்பி வரும்போது நானா ஓட்டோவில், "அல்லாஹ் மன்னிக்கோணும், நான் பியருக்குச் சாட்சி சொல்லிட்டன்" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "நோன்பு முடியுமட்டும் ரெண்டில ஒண்டுதான். கஞ்சியா, பியரா? நீங்களே சொல்லுங்க."

"பியர்" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை விடலாமா?

அதற்குப் பிறகு நடை முடிந்ததும் நானாவின் வாசலில் பிரிந்து வீட்டுக்கு வந்தேன். நானா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போவார். எனக்கு அந்த நேரம் வீடு பெரிய வெறுமையாக இருந்தது. ஞாயிறு வந்தால் சரியாகிவிடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிறும் வந்தது. விறாந்தையில் கதிரையைக் கடலுக்கு நேரே போட்டேன். அவித்த கடலை, வெட்டிய வெள்ளரிக்காய், கிளாஸ், வியர்த்துக் கொட்டும் பியர்ப் போத்தல். எல்லாம் வெள்ளைக்காரர் முறைப்படி. போத்தலைத் திறக்கப் போகும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. இப்போது நானா பேரீச்சம்பழத்தை வாயில் வைத்திருப்பார், ராத்தா கஞ்சியை அகப்பையால் கலக்குவார் என்று நினைத்தேன். திறக்கக் கை வரவில்லை. அந்த மனிதர்களை விட்டுவிட்டு இங்கே தனியாகக் குந்திக்கொண்டு என்ன பியர்?

"இத ஃப்ரிட்ஜில வை," என்று மனைவியிடம் போத்தலைக் கொடுத்துவிட்டுச் சாரத்தை இறுக்கிக்கொண்டு இறங்கினேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

நானா பாயில் நகர்ந்து இடம் விட்டார். "இண்டைக்கு ஞாயிறு எல்லோ தம்பி? பியர் என்னாச்சு?"

"ஞாயிறு வருசம் முழுக்க வரும் நானா."

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், நான் வழக்கமாக இருக்கிற இடத்துக்கு முன்னால் ஒரு கோப்பைக் கஞ்சி, ஆறிப்போகாமல் பீரிசுத் தட்டால் மூடியபடி இருந்தது. நான் சமோசாவுக்குக் கையை நீட்டினேன். ராத்தா தட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

"கஞ்சி மட்டுந்தான், ஒரு கோப்பதான், பொரிச்சது ஒண்டும் குடுக்கப்படாதாம்," என்றார். "நீங்க கதிரயத் தூக்கி வெளிய போடக்குள்ளயே உங்கட வீட்டுக்காரி கோல் எடுத்துச் சொல்லிட்டா."