கஸ்தூரி போடாத கையெழுத்து

கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக் கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், கணக்கு வைத்திருப்பவரை விட அவர் கூட வரும் சொந்தக்காரர்தான் அதிகம் பயமுறுத்துவார். தொண்ணூறுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்துச் சங்கத்தில் குமாஸ்தாவாக நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்கும் புரியும்.

பக்கத்து வரிசை

கஸ்தூரிக்குப் பதினேழு வயது. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பட்டுக் கடையில் வேலை பார்த்தாள். நர்ஸ் படிப்புக்கென்று எங்களிடம் சேர்த்து வந்தாள். மைனர் என்பதால் உறுப்பினராக முடியாது. பணம் எடுக்க அவள் கையெழுத்தோடு அப்பா கையெழுத்தும் வேண்டும்.

“பதினெட்டு ஆனா அப்பா கையெழுத்து வேணாமாக்கா?” என்று கேட்டாள்.

“வேணாம்மா. நீயே மெம்பர். சங்கத் தேர்தல்ல ஓட்டும் உண்டு” என்றேன் உற்சாகமாக. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“மெதுவாப் பேசுங்கக்கா, பக்கத்து வரிசையில எங்க சித்தப்பா நின்னுக்கினு இருக்காரு.”

பேனா

மறுவாரமே அவள் அப்பா முனுசாமி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், முழுப் பணமும் வேண்டுமாம். தான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவள் கையில் திணித்தார். அவள் தோளை அழுத்திய விரல்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள், எழுதவில்லை.

செயலாளர் அன்று லீவு. “அவளா இஷ்டப்பட்டுப் போட்டாத்தாங்க செல்லும்” என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கம்பிக்கு அருகே குனிந்து சொன்னார்:

“நீ எந்தத் தெருவுல குடியிருக்கேன்னு எனக்குத் தெரியும்மா.”

எதிர் டீக்கடை

அன்று பணம் எடுக்காமலே அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் தினமும் என் கணவர்தான் சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிப் போனார். கஸ்தூரியைக் காணவே இல்லை. என்ன ஆனாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை சங்கத்துக் கதவைத் திறந்தால், பள்ளிச் சான்றிதழோடு நிற்கிறாள். முந்தின நாள்தான் பதினெட்டு முடிந்ததாம். இடது கன்னம் வீங்கியிருந்தது. எதிர் டீக்கடையில் முனுசாமி. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அவளை உறுப்பினராகப் பதிந்தேன். அந்தக் கல்யாணம் நின்றதும், அவள் நர்சிங் சேர்ந்ததும் பிறகு நடந்தவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் படியிறங்க, அவர் ரோட்டைக் கடந்து வந்ததுதான்.

“இனிமே என்னைக் கேக்க மாட்ட, அப்படித்தானே?” என்றார்.

“கேப்பேன்பா. கையெழுத்து மட்டும் நான்தான் போடுவேன்.”

உறுப்பினராகப் பதினெட்டு வயது போதும் என்கிறது சட்டம். தைரியம் எத்தனை வயதில் வரும் என்று அதில் இல்லை, எனக்கு அப்போது முப்பத்தாறு.