மாமாவின் கையும் என் கையும்

தேயிலைச் செடியை மட்டம் வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மாமா தீட்டும்போது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சாணைக்கல்லில் தண்ணீர் தெளிப்பேன். அம்மாவின் தம்பி அவர். எறும்பை மிதித்தால்கூட வருந்துகிற மனுஷன் என்று ரிங்லெட் ஊருக்கு மேலே, எங்கள் தோட்டத்து லய வீடுகளில் பேர். எழுபதுகளில் ஒரு சம்பள நாள் சாயங்காலம், அந்தக் கத்தியால்தான் என் அப்பாவின் கழுத்தை வெட்டினார். சுவரெல்லாம் ரத்தம்; கூடவே நின்ற எனக்கு அது மட்டும்தான் நினைவில் தங்கியது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு லாரி போய்ச் சேருமுன்பே அப்பா உயிர் போய்விட்டது. மாமா சிறையிலேயே செத்தார்.

"சாது மனுஷன் லா. கை தானா ஓங்கிருச்சு," என்றது லயம். சின்னப் பிள்ளை நான், அதை அப்படியே நம்பினேன். அவ்வளவு நல்ல கையே தானாக வெட்டுமென்றால் என் கை எம்மாத்திரம்? வளர வளர அந்தப் பயம் நோயாக முற்றியது. பெற்ற மகளின் கழுத்தைப் பார்த்தாலே வெட்டிவிடுவேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கத்திகளைப் பூட்டி வைப்பேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன், மறுபடி இழுத்துப் பார்ப்பேன். பேத்தி பிறந்தபோது தூக்க மறுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மகள் அழுதாள். பிறகு என்னை ஒரு மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

வேண்டாத பயம் விடாமல் துரத்தும் இந்த நோய்க்கு ஓசிடி என்று பேர் சொன்னார் அந்த டாக்டரம்மா. இரண்டு விரலை என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டினார். அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொண்டே கண்ணால் விரலைத் தொடர வேண்டுமாம்; மனசில் புதைந்து கிடப்பதை மேலே கொண்டுவரும் சிகிச்சையாம். இதென்ன கூத்து என்று நினைத்தேன். முதல் வாரங்களில் நினைவுக்கு அந்தச் சுவர் ரத்தம் மட்டும்தான் வந்தது, வாந்தி எடுத்தேன். ஒரு நாள் விரலை நிறுத்தி, "இப்ப என்ன தெரியுது ஆன்ட்டி?" என்றார்.

அம்மா தெரிந்தாள். வாயில் ரத்தத்தோடு தரையில் கிடந்தாள். அப்பா அவள் வயிற்றில் மிதித்துக்கொண்டிருந்தார். மாமா அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "வுடு மச்சான்! அக்கா செத்துரும், வுடு!" அப்பா திரும்பி மாமாவின் முகத்தில் குத்திவிட்டு, மறுபடி அம்மாவை மிதித்தார். அதற்குப் பிறகுதான் மாமா கத்தியை எடுத்தார்.

எந்தக் கையும் தானாக ஓங்கவில்லை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாதென்று அப்பாவின் உதையை லயத்து ஆட்கள் மறைத்துவிட்டார்கள். அம்மாவும் கடைசி வரை வாய் திறக்கவில்லை. அடப் பாவிகளா என்று அந்த நாற்காலியிலேயே கத்தினேன். மாமாவுக்காக அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன்.

பயம் முழுதாகப் போய்விடவில்லை. போன மாதம் மகள் பேத்தியை என் மடியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். என் கை பழக்கத்தில் பின்னால் போனது. அதே கையை முன்னால் கொண்டுவந்து குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், தூங்கிப்போனாள். மகள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.