வலப்பக்கத்துக் குரவை

ஜின் இரிக்கெண்டு குர்ஆன்ல ஓதியிரிக்கன், சரி. ஆனா கண்டன், கேட்டன் எண்டு ஆரும் கதை அளந்தா சிரிச்சிட்டு எழும்பிப் போற ஆள் நான். நீங்களும் சிரிங்க, முழுக்கக் கேட்டுட்டுச் சிரிங்க.

அம்பதாம் ஆண்டுகள்ள என்ட கலியாணம். நான் மருதமுனை, பொண்ணு வாவிக்கு அங்கால புதுக் குடியேத்தத்துல. எங்கட பக்கம் மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்குப் போற, அதால சொந்தபந்தம் முழுக்க ஒரு லோஞ்சிப் படகுல ஏறினம். லோஞ்சிக்காரர் ஒரு புதுமை செஞ்சிருந்தாரு. பொம்புளைகள் கீழ திரைக்குள்ள இரிக்கட்டும், ஆம்புளைகள் தனியா இரிக்கட்டும் எண்டு முதிரைப் பலகையில மேல ஒரு தட்டு அடிச்சி, பாரம் குறையட்டும் எண்டு படகு சரியாம இரிக்க அடியில போட்டிருந்த கல்லையெல்லாம் அள்ளி எறிஞ்சிட்டாரு. எங்களுக்கு அது விளங்கினா தானே? மேல நிண்டு பொடியனுகள் பொல்லைத் தட்டித் தட்டிப் பொல்லடி ஆடுறாங்க, நான் தொப்பியும் மாலையுமா பல்லைக் காட்டிட்டு இரிக்கன். பின்னேர வெயில், சந்தோசம் தாங்கேலா.

கரை கிட்ட வந்திச்சி. இடப்பக்கம் பொண்ணு வீட்டார் கூடி நிண்டு கை காட்ட, "மச்சான், அந்தா உங்கட மாமா!" எண்டு ஒருத்தன் கத்தினான். மேல நிண்ட அத்தனை பேரும் இடப்பக்கம் பாஞ்சம். லோஞ்சி சரிஞ்சிச்சி. சரிஞ்சது நிக்கல்ல. கீழ ஜன்னலால தண்ணி பாயிது, திரைக்குள்ளால உம்மா "யா அல்லாஹ், புள்ளைகள்!" எண்டு கத்துறா. நான் கலிமாவும் சொல்லிட்டன்.

அப்பதான், நம்பினா நம்புங்க, வலப்பக்கம் வெறுந் தண்ணிக்கு மேல பொம்புளைகள் நாக்கைச் சுழட்டிப் போட்ற குரவைச் சத்தம். ஒரு கலியாணக் கூட்டமே நிண்டு போட்ற மாதிரி. பயத்தையும் மறந்து எல்லாரும் அந்தப் பக்கம் ஏறி ஓடினம், லோஞ்சி நிமிந்திச்சி. பாத்தா, அங்க ஒரு தோணி கூட இல்ல.

சொட்டச் சொட்ட நனைஞ்சி கரையில இறங்கினம். மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் வாங்கிற மச்சினன் செம்போட வந்து நிண்டு, "கால் கழுவியாச்சே, மோதிரத்தை மட்டும் தாங்க மச்சான்" எண்டான். ஊரே சிரிச்சிச்சி. நானும்தான் சிரிச்சன், உயிர் இரிக்கே.

"நல்ல நேரத்துக்குக் குரவை போட்டீங்க மாமி" எண்டன் பொண்ணுட உம்மாக்கிட்ட.

"நாங்க இன்னும் போடவேயில்லயே மனே, உங்கட கால் மண்ணுல படட்டும் எண்டெல்லோ நிண்டம்" எண்டா.

பொண்ணுட சாச்சா அணைக்கட்டு வேலையில இஞ்சினியர். லோஞ்சியைச் சுத்திப் பாத்துட்டு, "மேல பாரம், அடியில ஒண்டுமில்ல. அவ்வளவு சரிஞ்சா தட்டு சுவர் மாதிரி நிக்கும், ஆரும் ஏறி ஓடேலாது. நீங்க கவிழ்ந்திருக்கோணும்" எண்டாரு. கவிழாததுக்கு மன்னிப்புக் கேக்கிற மாதிரி நிண்டன் நான். அடுத்த மாரிக் காத்துல, ஆளில்லாமக் கட்டிக் கிடந்த அதே லோஞ்சி தானாவே கவிழ்ந்து போச்சி.

எப்பிடி ஏறி ஓடினம் எண்டு எனக்கும் தெரியா, அது போகட்டும். எல்லாருக்கும் முந்தித் திரும்பி, "குரவை கேக்குது, வாங்கடா!" எண்டு எங்களை இழுத்துட்டு ஓடினது என்ட பெரிய வாப்பா, வாப்பாக்கு மூத்தவர். சின்ன வயசுக் காய்ச்சலோட ரெண்டு காதும் போன மனுசன் அவர். அதுக்குப் பொறகும் அவருக்கு ஒண்டும் கேக்கல்ல. மௌத்தாகிக் கண்ணை மூடுற வரைக்கும் என்னைக் கண்டா கையைப் புடிச்சிட்டு ஒண்டைத்தான் கேப்பாரு: "மனே, அதுல எங்கட உம்மாட குரல் உனக்கும் கேட்டிச்சா?"

வாப்பாட உம்மா, நான் பொறக்க முந்தியே மௌத்தானவ அவ. அவட குரலை நான் எப்பிடி அறிவன்?