கழுத்துப் பொத்தான் வரை

அப்பாவின் படம் என்று எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாத்தளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அப்பா நிற்பார், முன்னால் நான், அப்போதுதான் அழுது ஓய்ந்த முகத்தோடு. அடுத்த வருடமே அப்பா இறந்துபோய்விட்டார். எனக்கு அவரை நேரில் பார்த்த ஞாபகம் இல்லை. அந்தப் படம் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டுச் சுவரில் தினமும் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதாலேயே நான் அதை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

போன மழைக்குக் கூரைத் தகரம் கிளம்பி, தண்ணீர் சுவரோடு இறங்கிச் சட்டத்துக்குள் போய்விட்டது. படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது சாயமெல்லாம் கண்ணாடியோடு வழுக்கிக்கொண்டு வந்தது. நான் பதறினேன். அம்மா பதறவில்லை. ஏனென்றால் மழைக்கு முன்பே அதைப் பெரிதாக்கிப் போடலாமென்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் செய்து பென் டிரைவில் வாங்கி வைத்திருந்தேன்.

"ஃபோட்டோ போனா என்னா, புள்ள கம்பியூட்டர்ல வச்சிருக்கா" என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் டவுனில் பிள்ளைகளுக்கு சி மொழி சொல்லிக்கொடுக்கிறவள். கம்பியூட்டரில் என்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்பது அம்மாவின் கட்சி.

கோப்பு திறக்கவில்லை. எந்த மென்பொருளில் போட்டாலும் கையை விரித்தது. கடைக்காரரிடம் ஓடினேன், நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவர் கம்பியூட்டரில் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

"நல்லாத் தெளிவா இருக்கட்டும்னுதான் டீச்சர், ஆகப் பெரிய ஃபைலா, பிட்மேப்புல போட்டேன். ஏறிக்கிட்டு இருக்கக்குள்ள கரண்ட் போயிட்டு வந்திச்சு. அல்லாஹ் அறிய, பென்ல பேரு விழுந்திருந்திச்சு. ஏறிட்டுதுன்னுதான் நெனச்சேன்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பேர் இருந்தால் ஆளும் இருப்பான் என்று யாரும்தான் நினைப்பார்கள்.

பிட்மேப் கோப்பின் தொடக்கத்தில் ஹெடர் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். படத்தின் அகலம், உயரம், மொத்த அளவு எல்லாம் அதில் எழுதியிருக்கும். சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி அதைப் படித்துப் பார்த்தேன். ஹெடர் பிழையில்லாமல் இருந்தது. அது சொன்ன அளவுக்குத்தான் கோப்பு இல்லை. பாதிக்கு மேலே எங்கேயோ அறுந்திருந்தது. இருக்கிற வரிகளை எடுத்து, இல்லாத இடத்தை வெள்ளையால் நிரப்பிப் புதுக் கோப்பாக எழுதச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

சோதனைக்கு அடியிலிருந்து சில வரிகளை மட்டும் எடுத்தேன். முதல் தடவை படம் சாய்ந்து கீற்றுக் கீற்றாக வந்தது. ஒவ்வொரு வரியும் நான்கு பைட்டுக் கணக்கில் முடிய வேண்டும், மிச்சத்துக்கு வெற்று பைட் இருக்கும், அதைத் தாண்ட வேண்டும். பிள்ளைகள் இதை மறந்தால் வகுப்பில் கத்துவேன். இப்போது நானே மறந்திருந்தேன். அடுத்த தடவை கால்கள் நேராயின, தோல் நீலமாகிவிட்டது. பிட்மேப்பில் நீலம் முதலில், சிவப்பு கடைசியில். நான் மாற்றி எழுதியிருந்தேன்.

"என்னா புள்ள, கிருஷ்ணர் வேஷமா கட்டியிருக்கோம்?" என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பிட்மேப் படம் கீழிருந்து மேலே எழுதப்படுவது. கால் முதலில், தலை கடைசியில். அறுந்துபோனது தலைப் பக்கம்தான். இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரிகளை எடுக்கச் சொன்னேன். முதலில் செருப்புகள் வந்தன. "அது ஒங்கப்பாவோடது இல்ல, பக்கத்து வீட்டுக் காம்புராவுல எரவல் வாங்கினது" என்றார் அம்மா. பிறகு என் கவுன். என் முகம் முழுசாக வந்தது. அம்மாவின் சேலை, அம்மாவின் முகம். நாற்காலியைப் பிடித்த அப்பாவின் கை, சட்டைப் பை, கழுத்துப் பொத்தான், காலர். அதோடு சரி.

"இன்னும் கொஞ்சம் எடு புள்ள."

"இல்லம்மா. அவ்வளவுதான் இருக்கு."

"முகம் மட்டும்தானே வேணும். படிச்ச புள்ளதானே நீ."

எழுதப்படாத பைட்டை எந்தப் படிப்பாலும் படிக்க முடியாது. நானா வேறு வகைக் கோப்பில் போட்டிருந்தால் மேலிருந்து எழுதியிருக்கும். முகம் தப்பி, அந்த இரவல் செருப்பு போயிருக்கும். தெளிவாக இருக்கட்டும் என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் எங்களைக் கவிழ்த்தது. குள்ளமாக இருந்ததால் நானும், உட்கார்ந்திருந்ததால் அம்மாவும் பிழைத்துவிட்டோம். நின்றவர் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பெரிதாக அச்சடிக்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நானா மனம் கேட்காமல் போனில் ஏதோ ஓர் ஆப்பில் போட்டு, வெள்ளை இடத்தில் ஒரு முகத்தை வரவழைத்துக் காட்டினார். அழகான மீசை, அளவான சிரிப்பு. அம்மா போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்காரு. யாரு இவரு?"

நானா போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருந்ததை இருந்தபடியே அச்சடித்துக் கொடுத்தார்.

திவசத்தன்று காலை அதைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். அம்மா பூச்சரத்தைப் போட்டார், உடனே கழற்றினார். முன்பெல்லாம் அப்பாவின் முகத்தைச் சுற்றித்தான் சரம் இருக்கும். இப்போது மாட்டச் சட்டம் இல்லாமல் நழுவி எங்கள் இரண்டு பேர் மேலேயும் விழுந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் மேல் அது விழக்கூடாது. சரத்தை மடித்து அப்பா பக்கத்து ஓரத்தில் வைத்தார். பிறகு சந்தனத்தை விரலில் எடுத்தார். வருடா வருடம் அந்த விரல் நேராகப் போய் அப்பாவின் நெற்றியில் பொட்டு வைக்கும். இந்த முறை காலருக்கு மேலே வெள்ளையில் நின்றது. கொஞ்சம் ஏறியது. கொஞ்சம் இறங்கியது.

"எங்கன வைக்கிறது புள்ள?"

அந்தப் படத்தின் அகலமும் உயரமும் எனக்கு மனப்பாடம். எந்த வரியோடு அறுந்தது என்பதும் தெரியும். அப்பாவின் நெற்றி எந்த வரியில் இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை. அத்தனை வருடம் சுவரில் இருந்ததே, ஒருநாளாவது பார்த்திருக்கலாம்.

விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா கையை எடுக்கவில்லை. நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.