அமெரிக்கத் தம்பியும் அம்மாவின் முழங்காலும்

இன்று பாரிஸ் லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனேன். கடைக்கார அண்ணை போனை ஸ்பீக்கரில் போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எனக்கு முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். போனில் அமெரிக்காவிலிருக்கும் அவருடைய தம்பி.

அங்கே, வசதியில்லாதவர்களுக்கு வரிப்பணத்தில் உதவும் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தை நீக்குவதா வேண்டாமா என்று சண்டை நடக்கிறதல்லவா. தம்பி நீக்கச் சொல்கிற பக்கம்.

"ஆரோ ஒருத்தன்ரை வருத்தத்துக்கு நான் ஏன் அண்ணை கட்டவேணும்?"

கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அண்ணை அவசரப்படாமல் காயைப் பையில் போட்டார்.

"புதன்கிழமை அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன். நான் தனியக் கட்டுறனெண்டோ நினைக்கிறாய்? இஞ்சை ஆரோ ஒருத்தனும் சேர்ந்துதான் கட்டுறான்."

பிறகு தம்பி மெதுவாகக் கேட்டார்.

"மற்றக் காலையும் அப்பிடியே செய்துவிடுவினமோ?"

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருக்கிறார் போல.

உங்கள் வீட்டுத் தம்பி எந்த நாட்டில்?