கேதீஸ்வரன் கையெழுத்துப் போடாத ஒத்திகை

என் மனுசன் கேதீஸ்வரனுடைய வேலையைப் போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் இருக்காது. சிட்னியில், பரமட்டாவில் ஒரு கம்பனியில் இருந்துகொண்டு, தான் ஒருநாளும் ஏறப்போகாத ரயில் எப்படியெல்லாம் தீப்பிடிக்கும் என்று யோசிக்க வேண்டும். அந்த ரயில் ஓடப்போவது எங்கேயோ இரண்டு நாடுகளுக்கு நடுவே, கடலுக்கு அடியில் தோண்டிய நீளமான சுரங்கத்துக்குள். நாடுகளின் பேரைச் சொன்னால் கம்பனிக்குப் பிடிக்காது, விடுவோம். அதன் பாதுகாப்பு விதிகளைச் சரிபார்ப்பதுதான் இவருடைய பொறுப்பு.

வீட்டிலும் இதே கரைச்சல்தான். கோயிலுக்குப் போனால் முருகனைப் பார்க்க முதல் வெளியேறும் கதவைத் தேடுவார். கல்யாண வீட்டில் கதவடியில் கதிரை போட்டவர்களோடு சண்டைக்குப் போவார்.

"தரையில ரயில் எரிஞ்சால் இறங்கி ஓடலாம், தர்சினி. கடலுக்கடியில எங்க ஓடுறது?" என்பார். ரயில் போகும் சுரங்கத்துக்குப் பக்கத்தில் சின்னச் சுரங்கம் ஒன்று இருக்கிறதாம். புகை மூட முதல் எல்லாரும் அதற்குள் போய்விட வேண்டும். அதனால் பைகளை அப்படியே விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பது விதி. இவருக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. "இதை எழுதினவன் தனியாப் பயணம் போறவன். குடும்பத்தோட போனவன் இப்பிடி எழுத மாட்டான்" என்று சாப்பிடும்போதும் புறுபுறுப்பார்.

ரயில் பெட்டி மாதிரியே ஒன்றை ஒரு கிடங்கில் கட்டி, ஆட்களை ஏற்றி ஒத்திகை பார்க்க ஏற்பாடானது. குடும்பங்கள்தான் வேண்டும் என்று இவர் அடம்பிடித்து, மேய்ஸ் ஹில் கோயிலில் சொல்லி, வென்ட்வேர்த்வில் நாகபூசணி அன்ரி வீட்டாரையும் இன்னும் சிலரையும் கூட்டிவந்தார். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதும் நானும் போனேன்.

நாடு விட்டு நாடு போகும் ரயில் என்பதால் ஏறும்போது ஆளுக்கொரு போலி பாஸ்போர்ட் கொடுத்தார்கள். அங்கேதான் எங்கள் சனம் தன் வேலையைக் காட்டியது. அன்ரியின் மருமகன் ஜசிந்தன் "மாமி, இதையும் வச்சிருங்கோ" என்று தன்னுடையதை நீட்டினான். மகள் துவாரகா நீட்டினாள். அன்ரிக்கு முன்பின் தெரியாத ஒருவர் பின்வரிசையிலிருந்து நீட்டினார். நானும் கொடுத்தேன். அன்ரி எல்லாவற்றையும் கைப்பைக்குள் போட்டுப் பூட்டி, பையை ஜசிந்தனைக் கொண்டு மேல்தட்டில் வைப்பித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

மணி அடித்தது. பொய்ப்புகை கிளம்பியது. பைகளை விட்டுவிட்டு இறங்கச் சொல்லி இங்கிலீஷில் அறிவித்தார்கள். எல்லாரும் எழும்பினோம், ஆனால் ஒருவரும் நகரவில்லை. அன்ரி கட்டை ஆள், மேல்தட்டு எட்டவில்லை; பையை வைத்த ஜசிந்தன் நெரிசலில் அந்தப் பக்கம் மாட்டுப்பட்டான். நாங்கள் வழியை அடைத்துக்கொண்டு அந்தப் பைக்காக நின்றோம். கம்பனி கூட்டிவந்து எங்களுக்குப் பின்னால் ஏற்றியிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் எங்களைத் தாண்ட முடியாமல் கத்தியது.

"இறங்குங்கோ! இறங்குங்கோ!" என்று கேதீஸ் வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"பொறும் தம்பி, எல்லாற்ற பாஸ்போர்ட்டும் கிடக்கு!" என்றார் அன்ரி.

போலி பாஸ்போர்ட்!

ஒத்திகை படுதோல்வி. ஆனால் திரும்பி வரும்போது காரில் இவர் முகம் தெளிந்திருந்தது. "இதைத்தான் கண்டுபிடிக்க வேணும் எண்டு நினைச்சனான். சுரங்கத்துக்குள்ள போக முதலே பாஸ்போர்ட் அவரவர் உடம்பில இருக்க வேணும் எண்டு விதியில சேர்க்கலாம்" என்றார்.

சேர்க்க விட்டால்தானே. மேலாளர் கிரிஜா, கெல்லிவில்லில் இருப்பவர், கையை விரித்துவிட்டார். "கேதீஸ், உங்க ஆளுங்க சொன்னதைக் கேக்கல. அதுக்கு ரூல் என்ன பண்ணும்? வேற ஆளுங்கள வச்சு பண்ணிடலாம்."

ஆபீஸ் பிள்ளைகள் கையில் போனோடு ஏறி, இறங்கச் சொன்னதும் இறங்கினார்கள். அந்த ஒத்திகை மட்டும் அறிக்கைக்குள் போனது. முதல் ஒத்திகையும் போகாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று இவர் நின்றார். கிரிஜா தானே வைத்தார். இவரை ஸ்டேஷன் கழிவறைக் கதவுகளைச் சரிபார்க்கப் போட்டார்கள்.

ரயில் ஓடத் தொடங்கியது. மூத்த மகளைப் பார்க்கப் போகும் நாகபூசணி அன்ரி வீட்டார் அதில்தான் டிக்கெட் போட்டார்கள். கேட்டதும் இவர் கடைக்கு ஓடி, கழுத்தில் மாட்டும் பாஸ்போர்ட் பைகளை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கழுத்தில் என்று சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஓம் தம்பி, ஓம்" என்று அன்ரி தலையாட்டினார்.

ரயில் ஏறுகிற நாட்டுக்கு முதலில் பிளேனில் போக வேண்டும் என்பதால், வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனோம். எல்லார் கழுத்திலும் பை தொங்கியது. இவர் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைக் கண்டு கனகாலம்.

அவர்கள் கையசைத்துவிட்டு உள்ளே போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துவாரகா கழுத்தைச் சொறிந்தாள். பையைக் கழற்றி அன்ரியிடம் நீட்டினாள். ஜசிந்தனும் கழற்றினான். அன்ரி கைப்பையைத் திறந்தார்.

இவர் கண்ணாடியில் தட்டினார். அவர்களுக்குக் கேட்கவில்லை.

"அவையளுக்கு ஒண்டும் நடக்காது, வாங்கோ" என்றேன்.

"அந்த அறிக்கையிலயும் அதைத்தான் எழுதியிருக்கினம்" என்றார்.